கண்ணாடித் தரை

வாலி இந்த ஊரில் நின்று எதை நோக்கினான் என்பது புராணிகர்கள் பாடு. நாம் சென்ற சில வருஷங்களாக வாலிநோக்கத்தில் உட்கார்ந்து நோக்கி வருவது நம்முடைய கார் ஷெட்டின் தரையைத்தான். "தரையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று நேயர்கள் கேட்கலாம். நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். அந்த நினைப்புக்காக நாம் செலுத்திய அபராதத்தின் வரலாறுதான் இது.

முதலில் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. ஊருக்குத் தெற்கே மன்னார் வளைகுடா. பக்கத்திலே உப்பளம். தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 1974-ல் ஆரம்பித்த உப்புக் கழகத்தின் பாத்திகள் மாரியூர், வாலிநோக்கம் பக்கங்களில் வெள்ளை வெளேரென்று பரந்து கிடக்கின்றன. 1930-ல் ராஜாஜியும் அவருடைய தொண்டர்களும் ஒரு பிடி உப்பு எடுப்பதற்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரையில் கால்நடையாகப் போனார்கள். நம் ஊரில் அந்தச் சிரமம் யாருக்கும் கிடையாது. உப்பே கால்நடையாகப் புறப்பட்டு வீட்டுக்குள் வந்துவிடும். ஜன்னல் கம்பியில் உப்பு. கதவின் கீலில் உப்பு. துணி உலர்த்தும் கொடியில் உப்பு. ஆகையால், பழைய கார் ஒன்று வாங்கியதும், அதற்கு 2022-ல் ஒரு ஷெட்டும் கட்டினோம். நான்கு கான்கிரீட் தூண், மேலே ஒரு தளம், கீழே சிமெண்டுத் தரை. அவ்வளவுதான்.

அத்துடன் நின்றிருந்தால் நமக்கு க்ஷேமமாக இருந்திருக்கும். ஆனால் மதுரையில் நம் சகலர் வீட்டுக்குப் போனோம். அவருடைய கார் ஷெட்டில் தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. குனிந்து பார்த்தோம், நம் முகம் தெரிந்தது. "எபாக்ஸி" என்றார் சகலர், மந்திரம் உபதேசிப்பவரைப் போல. "எண்ணெய் சிந்தினால் துடைத்துவிடலாம். புழுதி எழும்பாது. சிமெண்டு தேயாது." ஊருக்குத் திரும்பி வந்து நம் தரையைப் பார்த்தோம். முகம் தெரியவில்லை. அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் குடும்ப சபை கூடிற்று. நம் வீட்டு அம்மாள் காவித் தரைக்கு ஓட்டுக் கொடுத்தாள். அவள் பிறந்த வீட்டில் அந்தச் சிவப்புத் தரையை மூன்று தலைமுறையாகத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். நம் புதல்வி ஆத்தங்குடிக் கல் போடலாம் என்றாள். கண்ணாடித் தகட்டின் மேல் சாயமும் சிமெண்டும் வார்த்துச் செய்யும் அந்தக் கற்களின் அழகை யார் மறுக்க முடியும்? ஆனால் என்ஜின் எண்ணெய் அதில் ஒரு சொட்டு விழுந்தால் ஊறி உள்ளே போய்விடும் என்று காரணம் காட்டித் தள்ளுபடி செய்தோம். கட்டடம் கட்டிய கொத்தனாரும் சபைக்கு வந்திருந்தார். அவருடைய யோசனைதான் நமக்கு மிகவும் ருசிக்காதது. "ஒண்ணும் போடாதீங்க, ஐயா. தரை இன்னும் மூச்சு விடுது. ஒரு ஐப்பசி, கார்த்திகை தாண்டட்டும்" என்றார்.

சொன்னதோடு அவர் நிற்கவில்லை. ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டித் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் ஒட்டுநாடாவினால் இறுக ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் வந்து நம் முன்னிலையில் பிரித்தார். தாளின் அடிப்பக்கம் முழுவதும் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. தரையும் அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தது. "சித்திரை வெயிலில் மனிதனுக்கே வியர்க்கிறது, கொத்தனாரே! தரைக்கு வியர்க்கக் கூடாதா?" என்று நாம் ஹாஸ்யம் பண்ணினோம். அவர் சிரிக்கவில்லை.

இராமநாதபுரத்தில் ஒரு கடைக்குப் போனோம். எபாக்ஸியில் மூன்று ஜாதி உண்டு என்று அங்கே தெரிந்துகொண்டோம். தண்ணீரில் கலந்து வருவது ஒன்று. பூசச் சுலபம், ஆனால் மெல்லிய பூச்சு, ஆயுளும் குறைவு. நெடியுள்ள கரைப்பானில் கலந்து வருவது இரண்டாவது. எதிலும் கலக்காமல் முழுவதும் பிசினாகவே வருவது மூன்றாவது. இது கனமானது, விலையும் கனமானது. விலை கூடினால் குணமும் கூடும் என்பது நம் போன்றவர்களுடைய பொருளாதார சாஸ்திரம். மூன்றாவதையே வாங்கினோம்.

இந்தச் சரக்கின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. சுவிட்ஸர்லாந்தில் பியர் காஸ்டான் என்ற ரசாயன நிபுணர் 1930-களில் பல் வைத்தியத்துக்கான பொருள்களை ஆராயும்போது இந்தப் பிசினில் கை வைத்தார். அமெரிக்காவில் கிரீன்லீ என்பவர் வர்ணப் பூச்சுக்காக இதே வழியில் வேலை செய்தார். உடைந்த பொம்மையை ஒட்ட இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்குகிறோமே அரால்டைட், அதுவும் இந்த வம்சந்தான். பிசின் ஒரு டப்பாவில். அதை இறுக வைக்கும் 'ஹார்டனர்' மற்றொரு டப்பாவில். இரண்டும் தனித்தனியே இருக்கும் வரையில் பரம சாது. கலந்துவிட்டாலோ கல்யாணந்தான், பிறகு பிரிக்க முடியாது. சூடு பிறந்து, ஒன்றோடொன்று கோத்து, கல்லாகிவிடும். முகூர்த்த நேரம் ஏறக்குறைய அரை மணி; வெயில் காலத்தில் அதுவும் இல்லை. கலந்ததை உடனே தரையில் கொட்டிப் பரப்பிவிட வேண்டும். வாளியிலேயே வைத்திருந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் முகூர்த்தம் இன்னும் சீக்கிரம் தப்பிவிடும்.

2023 மே மாதம், கத்திரி வெயிலில், இந்த விவாகத்தை நடத்தினோம். பூச வந்த ஆட்கள் தரையை ஆசிட் விட்டுப் பொங்க வைத்து, நம் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரால் கழுவினார்கள். (அந்த நீரின் ருசியை நேயர்கள் ஊகிக்கலாம். பருப்பு வேகாது; சோப்பு நுரைக்காது.) முதல் வாளியைக் கலந்துவிட்டு ஒருவர் பீடி பற்ற வைக்கப் போனார். திரும்பி வருவதற்குள் வாளியிலிருந்து புகை வந்தது. கோலும் கையுமாக எல்லாம் ஒரே கட்டி. இரண்டாவது வாளி தப்பிப் பிழைத்துத் தரையை அடைந்தது. மூன்றாம் நாள் ஷெட்டுக்குள் போனோம். குனிந்தோம். முகம் தெரிந்தது! சகலருக்குப் படம் எடுத்து அனுப்பினோம். நான்கு மாதம் செருப்பைக் கழற்றாமல் யாரும் அந்த ஷெட்டுக்குள் நுழைந்ததில்லை.

ஐப்பசி பிறந்தது. வடகிழக்குப் பருவமழை பெய்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால், தரையில் அங்கங்கே அம்மை போட்டாற்போல் கொப்புளம். ஒன்றைச் சாவியால் குத்தினோம். உள்ளிருந்து பிசுபிசுவென்று நீர் பீறிட்டது. அடுத்த வாரம், சாலைச் சூட்டோடு வந்து நின்ற கார் டயர் மறுநாள் நகரும்போது பூச்சைப் பிய்த்துத் தன்னோடு எடுத்துக்கொண்டு போயிற்று. பிய்ந்து வந்த சில்லைத் திருப்பிப் பார்த்தோம். அதன் அடியில் சிமெண்டும் ஒரு தோல் கனத்துக்கு ஒட்டிக்கொண்டே வந்திருந்தது. பூச்சு தன் பிடியை விடவில்லை; தரைதான் கைவிட்டது.

கடைக்காரர் தரையைக் குற்றம் சொன்னார். பூசினவர்கள் மழையைக் குற்றம் சொன்னார்கள். நாம் எல்லாரையும் குற்றம் சொன்னோம். கடைசியில் காரணத்தை விளக்கியவள் நம் வீட்டு அம்மாள். அவள் அப்போது ஊறுகாய் ஜாடியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். "மாங்காயை நறுக்கி உப்பைப் போட்டு மூடி வைத்தால் மறுநாள் எங்கிருந்து இவ்வளவு தண்ணீர் வருகிறது? உப்பு இழுக்கிறது. உங்கள் தரையிலும் உப்பு இருக்கிறது. அடியிலே ஈரமும் இருக்கிறது. மேலே ஜாடி மாதிரி மூடியும் போட்டுவிட்டீர்கள்" என்றாள். பிறகு மதுரையில் ஒரு பொறியியல் ஆசிரியரைக் கேட்டபோது, அவர் இதையே சவ்வூடு பரவல் என்ற பெயரில் அரை மணி நேரம் சொன்னார்.

கொத்தனாரை வரவழைத்தோம். குற்றவாளியை விசாரிக்கும் தோரணையில்தான் வரவழைத்தோம் என்பதை மறைப்பானேன்? "தரையில் உப்பு எப்படி வந்தது, கொத்தனாரே?" என்று கேட்டோம். அவர் நம்மைச் சிறிது நேரம் பார்த்தார்.

"ஐயாவுக்கு ஞாபகம் இல்லையா? தரைக்கு நல்ல தண்ணீர் லாரி சொல்லலாம்னு கேட்டேன். 'கார் நிற்கிற இடத்துக்கு என்ன கங்கா ஜலமா? கிணற்றுத் தண்ணீர் போதும்' என்று சொன்னீங்க. அடியில் பிளாஸ்டிக் விரிப்புப் போடலாம்னேன். அதுவும் வேண்டாம்னீங்க."

ஞாபகம் வந்தது. இரண்டு லாரித் தண்ணீரும் ஒரு சுருள் விரிப்பும் மிச்சம் பிடித்ததற்காக அன்று நம் சாமர்த்தியத்தை நாமே மெச்சிக்கொண்டதும் ஞாபகம் வந்தது. அத்துடன் வேறொன்றும் பளிச்சென்று மனத்தில் பட்டு, வயிற்றைக் கலக்கிற்று. தரை போனால் போகட்டும், தூண்கள்? உப்பு நீரில் குழைத்த கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி இருந்தால் என்ன ஆகும் என்பது கடற்கரையில் வசிப்பவர்களுக்குத் தெரியும். கம்பி துருப்பிடித்துப் பருக்கும்; கான்கிரீட் பிளந்து விழும். அந்தத் தளத்தின் கீழேதான் நம் புதல்வியின் குழந்தைகள் விடுமுறையில் வந்து விளையாடுகிறார்கள்.

"தூணுக்கும் அதே தண்ணீர்தானே?" என்று கேட்டோம். குரல் சரியாக எழும்பவில்லை.

"இல்லீங்க" என்றார் கொத்தனார். "தூணுக்கும் தளத்துக்கும் நல்ல தண்ணீர்தான். ஐயா ஊரில் இல்லாத நாளில் இரண்டு லாரி இறக்கினேன். கம்பி போட்ட வேலையை உப்புத் தண்ணியில் செய்ய எனக்கு மனசு வரலை."

"பணம்?"

"என் கூலியில் போட்டுக்கிட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தியாகியின் களை ஒன்றும் இல்லை. கரணையைக் கழுவி வைத்தேன் என்று சொல்வதுபோல் சொன்னார். நாம் உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்து கொடுத்தோம். எண்ணிப் பார்த்து, இரண்டு லாரிக்கு உரியதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "தரையை எப்போ உடைக்கலாம்?" என்றார்.

2024 தை மாதத்தில் உடைத்தோம். உப்பு ஏறிய மண்ணை வாரி அப்புறப்படுத்தி, ஜல்லி பரப்பி, அதன் மேல் கனத்த பாலிதீன் விரிப்பை மடிப்புக்கு மடிப்பு ஒட்டிப் போட்டு, நான்கு அங்குலக் கான்கிரீட் வார்த்தார்கள். குழைத்ததும் நல்ல தண்ணீர். நனைத்ததும் நல்ல தண்ணீர். கான்கிரீட் பதமாக இருபத்தெட்டு நாள் கணக்கு என்பார்கள். நாம் நான்கு மாதம் காத்திருந்தோம். அவசரப்படுகிறவன் அடிபட்ட பிறகு எவ்வளவு பொறுமைசாலி ஆகிவிடுகிறான்! கொத்தனாரின் பிளாஸ்டிக் தாளை இந்தத் தடவை நாமே மூன்று இடங்களில் ஒட்டினோம். மறுநாள் பிரித்தபோது மூன்றும் உலர்ந்திருந்தன. பூசுவதற்கு முன் ஆசிட் விடாமல், இயந்திரத்தால் தரையை உராய்த்துச் சொரசொரப்பாக்கினோம். ஈரத்தைத் தடுக்கும் அடிப்பூச்சு ஒன்று. அதன் மேல் எபாக்ஸி. அது காய்வதற்குள் நனைந்தால் வழுக்காதிருக்க மேலே தூவிய பொடி மணல். எல்லாவற்றுக்கும் மேலே, வெயிலைத் தாங்கும் பாலியூரிதேன் பூச்சு. வேலையெல்லாம் விடியற்காலையில் தொடங்கினோம். பீடி யாரும் பற்ற வைக்கவில்லை.

கடைசிப் பூச்சை வாசல் ஓரத்தில் ஒரு சாண் அகலம் விட்டுவிட்டார்கள். அந்த ஒரு சாண் மட்டும் இன்று பழைய பத்திரிகைக் காகிதம் போல் மஞ்சளாகியிருக்கிறது. வெயில் பட்டால் எபாக்ஸி மஞ்சளிக்கும் என்று புஸ்தகத்தில் படித்தால் மறந்துபோகும். வாசலில் இருந்தால் மறக்காது. மற்றபடி, மழைக்காலங்கள் தாண்டியும் கொப்புளம் இல்லை. டயர் எதையும் பிய்க்கவில்லை. காற்றில் வரும் மணல் அரத்தைப் போல் பளபளப்பைத் தின்னும் என்பதால், தினந்தோறும் கூட்டி, வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் துடைக்கிறோம். தூவிய மணலினால் முகம் முன்போல் தெளிவாகத் தெரிவதில்லை. அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை என்று நம் வீட்டு அம்மாள் சொல்லுகிறாள்.

2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ரெயில் ஏறி இராமேசுவரம் போய் வந்தோம். 1914-ல் திறந்த பழைய பாலம் உப்புக் காற்றோடு நூறு வருஷங்களுக்கு மேல் போராடி, 2022 டிசம்பரோடு ரெயில் போக்குவரத்திலிருந்து ஓய்வு பெற்றது. புதிய பாலத்தின் எஃகுக்குப் பாலிசிலாக்ஸேன் என்ற பூச்சுப் பூசியிருக்கிறார்கள். அதோடு விடாமல், கான்கிரீட்டுக்குள் போகும் கம்பியையும் துருப்பிடிக்காத எஃகாகவே போட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் திருடனுக்கு வாசலில் காவல். காவலையும் மீறினால் உள்ளே இருப்பதும் களவு போகாத சொத்து. நாமோ திருடனை முதலில் வீட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, கதவுக்குப் பளபளவென்று வர்ணம் அடித்தவர்கள். ரெயில் கடலின் மேல் மெதுவாக ஊர்ந்து போகையில், மற்றப் பிரயாணிகள் அலையைப் பார்த்தார்கள். நாம் தூண்களைப் பார்த்தோம்.

சென்ற பொங்கலன்று கொத்தனார் வீட்டுக்கு வந்தார். ஷெட் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தரையைப் பற்றி ஏதாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லுவார் என்று ஆவலோடு பின்னாலேயே போனோம். அவர் தரையைப் பார்க்கவேயில்லை. நேரே மூலைத் தூணிடம் போய், விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டார். மற்ற மூன்று தூண்களிடமும் அப்படியே செய்தார். பிறகு திருப்தியோடு தலையை ஆட்டிவிட்டு, "அம்மா, ஒரு வாய் மோர் இருக்குமா?" என்று உள்ளே குரல் கொடுத்தார்.