எண்ணெய் காய்ந்த கடிகாரம்

என் தந்தையார் அணிந்திருந்த கைக்கடிகாரம் சென்ற மாதம் ஓட மறுத்துவிட்டது. எங்கள் பட்டினத்தில் கடிகாரம் திருத்தும் முதியவர் ஒருவரிடம் அதனைக் கொண்டு சென்றேன். பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு அவர் சிறிது நேரம் நோக்கினார். "பழுது ஒன்றுமில்லைத் தம்பி; எண்ணெய் காய்ந்துவிட்டது" என்றார்.

வில்விசைக் கடிகாரங்களின் தீராத துயரம் அந்த எண்ணெய்தான். மணிக்கு 18,000 தடவை துடிக்கும் கடிகாரம் ஒரு நாளில் 4,32,000 தடவை துடிக்கின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு சிறு நெம்புகோல் சக்கரத்தின் பல்லோடு உராய்கின்றது. எண்ணெய் தடித்தால் உராய்வு மிகும், நேரமும் பிசகும்.

இத்துயரைத் தீர்க்க முயன்றவர் ஆங்கிலேயரான ஜோர்ஜ் டானியல்ஸ். மான் தீவில் வாழ்ந்த இவர், பெட்டி முதல் முட்கள் வரை அனைத்தையும் தம் கையாலேயே செய்தவர். 1970களின் நடுப்பகுதியில், உராய்வைக் குறைத்து எண்ணெயின் தயவைப் பெரிதும் தவிர்க்கும் புதிய பொறியொன்றை வகுத்தார். அதனை ஒமேகா நிறுவனம் சந்தைக்குக் கொணர்ந்தது 1999இல்தான்.

இத்தகைய தனிக் கைவினைஞரின் கடிகாரம் ஒன்றுக்கு வீட்டின் விலையைக் கொடுத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருப்போரும் உளர். விநாடிக்கு 32,768 தடவை அதிரும் மலிவான குவார்ட்ஸ் கடிகாரமோ நேரத்தை இவற்றினும் சரியாகக் காட்டுகின்றது. ஆகவே அவர்கள் விரும்பி வாங்குவது ஒரு மனிதரின் கைத்திறனையே எனலாம். ஆயினும் அவர்கள் உள்ளத்திலும் ஓர் அச்சம் உண்டு: செய்தவர் மறைந்தபின் திருத்துபவர் யார்?

டானியல்ஸ் தம் முறைகளை 1981இல் நூலாக வெளியிட்டார். அந்நூலைக் கற்று, றொஜர் சிமித் என்னும் இளைஞர் தாமே ஒரு கடிகாரம் செய்து அவரிடம் காட்டினார். அது போதாது என்று டானியல்ஸ் திருப்பி அனுப்பினார். இளைஞர் மனந்தளராது மீண்டும் பல ஆண்டுகள் உழைத்து இரண்டாவதைக் காட்டியபோதே பாராட்டுக் கிடைத்தது. 1998இல் அவர் மான் தீவு சென்று குருவுடன் பணியாற்றலானார். டானியல்ஸ் 2011இல் காலமானார். சிமித்தின் தொழிற்கூடமோ அத்தீவில் இன்றும் இயங்குகின்றது. விலையுயர்ந்த கடிகாரத்தை நம்பலாமா என்று கேட்பவர், அதனைத் திறந்து பார்க்கத் தெரிந்த அடுத்த தலைமுறை உண்டா என்றே முதலில் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மறுவாரம் தந்தையாரின் கடிகாரம் என் கைக்கு வந்தது. கூலி சொற்பமே. "ஐயா, உங்களிடம் தொழில் பழகுபவர் எவரேனும் உண்டா?" என்று கேட்டேன்.

"கடைசியாக வந்த பொடியன் ஒரு மாதம் நின்றான்" என்று சிரித்தார். பின்னர், "சில வருஷத்தில் எண்ணெய் மறுபடியும் காயும். நான் இருக்கும்போதே கொண்டு வாரும்" என்றார்.

மாணவ அன்பர் எவரேனும் விடுமுறையில் ஒரு நாள் அத்தகைய கடையொன்றின் படியேறிப் பார்ப்பாராக. அங்கே ஓர் ஆசனம் வெறுமையாகவே இருக்கின்றது.