ஏதென்ஸ் கல்லும் எங்கூரு மலையும்

ஆன்சைட் வந்து எட்டு மாசம் ஆச்சு. இன்னும் ஒரு வருஷம் இருக்க முடியுமான்னு மேனேஜர் வெள்ளிக்கிழமை கேட்டார். ரூமுல உக்காந்து யோசிச்சா தலைவலிதான் வரும்னு சனிக்கிழமை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கிளம்பிட்டேன். டிக்கெட் கெடையாதுங்கறதும் ஒரு காரணம் :)

மம்மியெல்லாம் பாத்துட்டு, பார்த்தினான் சிற்பங்கள் இருக்கற நீளமான ஹாலுக்குப் போனேன். ஏதென்ஸ்ல அக்ரோபோலிஸ் குன்று மேல கி.மு. 447-ல கட்ட ஆரம்பிச்ச கோயில் அது. அதைச் சுத்தி 160 மீட்டர் நீளத்துக்கு ஒரு ஊர்வலத்தைச் செதுக்கியிருந்தாங்க. அதுல சுமார் 75 மீட்டர் இங்க இருக்கு. பலிக்குப் போற ஒரு மாடு மூஞ்சியைத் தூக்கிக் கத்துது பாருங்க... நம்மூர் சந்தையில முரண்டு பிடிக்கற மாடேதான்!

1801-லேர்ந்து எல்கின் பிரபுவோட ஆளுங்க இதையெல்லாம் பேத்து எடுத்தாங்க. வெயிட்டைக் குறைக்க கல்லோட பின்பக்கத்தை ரம்பத்தால அறுத்திருக்காங்க. 1816-ல பிரிட்டிஷ் அரசாங்கம் விலைக்கு வாங்கிடுச்சு. கிரீஸ் இன்னமும் திருப்பிக் கேட்டுட்டு இருக்கு. 2009-ல ஏதென்ஸ்ல புது மியூசியமே திறந்து, லண்டன்ல இருக்கற துண்டுகளுக்குப் பதிலா பிளாஸ்டர் நகல் வெச்சிருக்காங்க.

எனக்கு நாமக்கல் மலை ஞாபகம் வந்துச்சு. நரசிம்மர் குடவரை 8-ம் நூற்றாண்டு வாக்குல அதியமான் மரபு அரசர் குடைஞ்சது. பிளஸ் டூ பரீட்சைக்குக் கும்பிட்டதோட சரி, காலைத் தூக்கி உலகளக்கற திரிவிக்கிரமரை நின்னு பாத்ததே இல்லை. அடுக்கின கல்லுன்னா பேத்துட்டுப் போலாம். மலையிலயே செதுக்கினதை எப்படித் தூக்கறது?

ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன். அவர் லாரி பாடி கட்டற பட்டறைக்காரர். முதல் கேள்வியே, "அத்தனை கல்லையும் எதுல கண்ணு ஏத்துனாங்க?"

"கப்பல்லீங்ப்பா. ஒரு கப்பல் முழுகிப் போயி, ஆள் எறக்கி எடுத்தாங்களாம்."

"கேட்டாக் குடுக்க மாட்டீங்கறாங்களா?"

"இங்க நல்லாப் பாத்துக்கறோம், உலகமே வந்து பாக்குதுங்கறாங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நல்லாத்தான் பாத்துக்குவாங்க. ஆனா அங்க அந்த எடம் காலியாத்தான கண்ணு கெடக்கும்?"

ஒரு வருஷ விஷயத்தைச் சொல்லத்தான் போன் பண்ணினேன். சொல்லாமயே வெச்சுட்டேன். ஊருக்குப் போனா அப்பாவையும் கூட்டிட்டு அந்தக் குடவரையை நிதானமா பாக்கணும்.

மேனேஜருக்கு இன்னும் பதில் போடலை.