பிடியரிசி

ஆச்சி உழக்கால் அரிசியை அளந்து சுளகில் கொட்டுவாள். கல் பொறுக்கி முடித்து, களையப் போவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அடுப்பங்கரை மூலையில் இருக்கும் கலயத்தில் போடுவாள். உதடு அசையும். என்ன ஜெபம் என்று காதில் விழாது. திருநெல்வேலிச் சீமைச் சபைகளில் அப்போது எத்தனையோ வீடுகளில் நடந்ததுதான் இது. கலயம் நிறைந்ததும் பெண்கள் சங்கத்தார் வந்து வாங்கிப் போவார்கள். விற்ற காசு மிஷனெரி ஊழியத்துக்குப் போகும்.

மழை பொய்த்த ஒரு வருஷம், வீட்டில் இரண்டு வேளையும் கஞ்சிதான். அப்போதும் அந்தக் கை கலயத்துக்குப் போனது. "கொறஞ்சிரும்லா ஆச்சி" என்றேன். "கொறஞ்சா என் வட்டில்ல கொறையட்டும்ட்டி" என்று அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. நம் ஆட்கள், நம் காசு, நம் நிர்வாகம் என்பது அதன் தீர்மானம். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்குப் போனார், 1912-இல் அங்கே பேராயர் ஆனார். அவர் பேர் புத்தகங்களில் இருக்கிறது, இருக்க வேண்டியதுதான். ஆனால் அப்படிப் போனவர்களுக்குப் பின்னால் எத்தனை அடுப்பங்கரைகள் இருந்தன! அழைப்பு என்றால் ஊரைவிட்டுப் புறப்படுகிறவர்களுக்கு மட்டும் வருவது என்று பிரசங்கத்தில் யாராவது சொன்னால், இன்றும் எனக்கு மனசு ஒப்பாது.

ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்கு அடிக்கடி சொன்ன கதை ஐடா ஸ்கடருடையது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் வந்து அவர் வீட்டுக் கதவைத் தட்டியது, ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாதென்று அவர்கள் திரும்பிப் போனது, பிரசவ வேதனையிலிருந்த மூன்று பெண்களும் செத்துப்போனது. கேட்டுக் கேட்டு அழுதிருக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததை டீச்சர் இரண்டு வரியில் முடித்துவிடுவார். எனக்கோ அதுதான் பெரிதாகப் படுகிறது. 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவம் பார்க்க ஆரம்பித்தார். 1918-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி திறந்தார். 1960-இல் கண் மூடும்வரை இந்த மண்ணைக் கைவிடவில்லை. கதவு தட்டியது ஓர் இரவு. அதற்குப் பதில் சொல்ல அவருக்கு ஓர் ஆயுள் பிடித்தது.

அந்த வேலூருக்குப் பக்கத்தில் கரிகிரியில்தான் என் அத்தை நர்ஸாக இருந்தாள். 1955-இல் திறந்த தொழுநோய் மருத்துவமனை. கையும் காலும் தானாக அழுகுவதில்லை, வலி தெரியாததால்தான் காயம் பட்டுப் பட்டுக் கெடுகிறது என்று டாக்டர் பால் பிராண்டு கண்டு சொன்ன பிறகு, செருப்பும் மருந்துக்குச் சமமாகிவிட்டது. அத்தை ஒவ்வொருவர் செருப்புக்குள்ளும் விரலை விட்டுத் துழாவுவாளாம். ஆணி, முள், சின்னக் கல் எதுவும் இருக்கக் கூடாது. பாதத்தை ஊறவைத்து, காய்ப்பைச் சீவி, விரலிடுக்கெல்லாம் பார்ப்பாளாம்.

லீவுக்கு வந்தால் ஆச்சிக்கும் அதே கவனிப்புதான். ஆச்சிக்குச் சர்க்கரை, பாதம் மரத்துப் போயிருந்தது. அத்தை பேசினில் தண்ணீர் ஊற்றி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டுத்தான் தன் அம்மாவின் காலை எடுத்து வைப்பாள். ஆச்சி கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்வாள். "ஊர்ல உள்ளவுக காலெல்லாம் பாக்கேன், உன் கால் என்ன தங்கமா?" என்று அத்தை அதட்டுவாள். இந்தப் பொறுமையை அவளுக்கு நர்ஸிங் பள்ளி மட்டும் கொடுக்கவில்லை. அவளும் அந்தக் கலயத்தைப் பார்த்து வளர்ந்தவள்தானே.

எனக்கு வாய்த்தது வங்கி வேலை. ஒருநாள் முதியோர் பென்ஷன் எடுக்க ஒரு பெரியவர் வந்தார். இரண்டு கையிலும் விரல்கள் மழுங்கியிருந்தன. ரேகை இயந்திரம் அவரை ஏற்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் கொஞ்சம் விலகினார்கள். அவரும் பழகிப்போனவர்போல வாசல் பக்கம் நகர்ந்தார்.

கைநாட்டு வைக்க முடியாதவரிடம் கால் பெருவிரல் ரேகை வாங்கலாம் என்று விதி இருக்கிறது. இரண்டு சாட்சி வேண்டும், அதில் ஒருவர் வங்கி ஆள். நான் மைப்பெட்டியோடு கவுண்டரை விட்டு வெளியே வந்து, "உக்காருங்க ஐயா" என்று நாற்காலி போட்டேன். "வேண்டாம்மா, நீங்க தொடாதீங்க" என்றார். அவர் செருப்பைக் கழற்றினேன். உள்ளங்காலில் ஒரு வெடிப்பு, அதில் மண். துடைத்துவிட்டு மை தடவினேன். முதல் தடவை அழிந்துவிட்டது. இரண்டாவது தடவை ரேகை நன்றாக விழுந்தது. செருப்பைத் திருப்பி மாட்டுவதற்கு முன் என் விரல் தானாக உள்ளே போய்த் துழாவியது.

பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, அவர் கணக்கில் ஒரு குறிப்பு ஏற்றினேன். நாளைக்கு என் சீட்டில் யார் இருந்தாலும் அவரை வாசலுக்கு அனுப்பிவிடக் கூடாது.