மண்ணெண்ணெய்க்கும் முறை

1990 யூனில் மறுபடி போர் மூண்டபின் எங்களுக்கு மின்சாரம் இல்லை. எரிபொருள், உரம், சவர்க்காரம், பற்றரி எல்லாவற்றுக்கும் தடை. மானிப்பாயில் எங்கள் ஒழுங்கையில், சங்கக்கடையில் கிடைத்த கொஞ்ச மண்ணெண்ணெய்க்காக இரண்டு பேர் முகம் பாராமல் திரிந்தார்கள்.

"படிக்கிற பிள்ளையள் இருட்டிலை இருக்கிறதோ?" என்றார் முன்வீட்டு அக்கா. அவருடைய மகன் உயர்தரச் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தான்.

"வெங்காயம் கருகினால் எல்லாற்றை அடுப்பும் நூந்துபோம்," என்றார் தோட்ட இறைப்பு மெசினுக்கு எண்ணெய் கேட்ட பெரியண்ணை. வெயிலில் வெடித்த உதடு, சொல்லும்போது நடுங்கியது.

இருவரும் கேட்டது நியாயம். இன்றைக்கும் என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை.

அந்த நாள் விளக்கு ஒரு ஜாம் போத்தல். அடியில் பஞ்சு, அது நனையுமளவு எண்ணெய், கம்பியில் கோர்த்த திரி. விடிய எழும்பினால் மூக்கெல்லாம் கரி. இறைப்பு மெசினுக்கோ முதலில் சொட்டுப் பெற்றோல் காட்டி உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும்.

வழக்கைத் தீர்த்தவர் ஒரு கிழவி. "கிணத்துக்கு முறை வைச்ச சனம் எண்ணெய்க்கு வைக்க ஏலாதோ?" என்று கேட்டார். எங்கள் தோட்டக் கிணறு பங்குக் கிணறு. யாருக்கு எந்த நாள் இறைப்பு என்பது தலைமுறை தலைமுறையாக வரும் முறை. அதை யாரும் மீறியதில்லை. கிழவி சொன்னபடி எண்ணெயெல்லாம் ஒரே கானுக்குள் போனது. பிள்ளைகள் ஒரு வீட்டு விறாந்தையில் ஒரு அரிக்கன் லாம்பைச் சுற்றிப் படித்தார்கள். மிஞ்சியது மெசினுக்கு. போதாத நாளில் பெரியண்ணை பழைய துலாவை மிதித்தார். அக்காவுக்கு முழுத் திருப்தி இல்லை. கூட்டத்தில் மகனுக்குப் படிப்பு ஓடவில்லை. என்றாலும் சண்டை நின்றது.

1995 யூலை 9. இராணுவம் முன்னேற, ஓடிவந்த சனம் அயலூரான நவாலியின் சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் தங்கியிருந்தது. விமானம் வந்தது, குண்டு விழுந்தது, நிலம் அதிர்ந்தது, ஓடினோம், பிய்ந்த கூரை, புழுதி, கூக்குரல். நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். காயக்காரரை ஏற்ற, மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு பழைய கார் நின்றது, எண்ணெய் இல்லை. பெரியண்ணை கானைத் தூக்கிவந்து கடைசிச் சொட்டுவரை ஊற்றினார். அன்று அவருடைய இறைப்பு முறை.

அதே வருடம் ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்க, ஊரே மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. 1996இல் திரும்பினோம். வன்னிக்குப் போன பெரியண்ணை வரவில்லை.

இப்போது ஆளுக்கொரு மின்மோட்டார். எண்ணெய்ச் சண்டையைச் சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். திரும்பிவந்த அந்த வருடமோ புதுச் சண்டை ஒன்று கிளம்பியது. பெரியண்ணையின் முறைநாளை மற்றவர்கள் பங்குபோடலாமா?

குறுக்கே நின்றவர் முன்வீட்டு அக்கா. "அது அவற்றை நாள். இறைக்கிறதெண்டால் அவற்றை தறைக்கு இறையுங்கோ."

அந்தப் போகம் பெரியண்ணையின் தறைக்கு அக்காவின் மகன்தான் தண்ணீர் கட்டினான்.