'டிக்'னு ஒரு சத்தம்... அவ்ளோதான்!

உங்க வீட்டு வாசல்ல ஒரு பழைய மாருதி 800 நிக்குதா? கவர் போட்டு மூடி, மேல வேப்பம்பூ கொட்டிக் கிடக்கா? அப்பா அதை விக்கவும் மாட்டேங்கிறார், சரி பண்ணவும் மாட்டேங்கிறாரா? அப்போ இந்தப் பக்கத்தைத் திருப்பிடாதீங்க பாஸ்!

1983 டிசம்பர்ல பிரதமர் இந்திரா காந்தி முதல் காரோட சாவியைக் கொடுத்து ஆரம்பிச்சு வெச்ச வண்டி இது. 2014 ஜனவரியோட தயாரிப்பு நின்னு போச்சு. 796 சி.சி., மூணே மூணு சிலிண்டர், நாலு கியர். பானெட்டைத் தூக்கினா எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். இப்போ வர்ற கார்கள்ல பானெட்டைத் திறந்தா ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடிதான் 'வணக்கம்' சொல்லுது. கம்ப்யூட்டர் இல்லாம அதுகிட்ட பேச முடியாது. நம்ம ஆளு அப்படி இல்லை.

எங்க வீட்டு 800, 1991 மாடல். கார்புரேட்டர், கான்டாக்ட் பாயின்ட், இழுத்து விடுற சோக். அம்மாவுக்கு வாரத்துல ரெண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அம்பாசமுத்திரத்துல இருந்து திருநெல்வேலிக்கு விடிகாலையில கிளம்பணும். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் மெஷின்ல. முடிச்சு வர்றப்போ அம்மாவால நிமிர்ந்து உட்காரக்கூட முடியாது. பஸ்ஸுங்கிற பேச்சுக்கே இடமில்லை. வாடகைக் கார் போய் வர, வெயிட்டிங் எல்லாம் சேர்த்து 1,800 ரூபாய். வாரம் ரெண்டு தடவை... மளிகைக் கடை வருமானத்துல? கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. அதனால காலையில 4.30-க்கு எங்க வண்டி ஸ்டார்ட் ஆகியே தீரணும்.

ஒரு வெள்ளிக்கிழமை அது ஆகலை. சாவியைத் திருப்பினா 'டிக்'னு ஒரு சத்தம். அவ்ளோதான்! பால்காரரும் பக்கத்து வீட்டு மாமாவும் சேர்ந்து தள்ள, ரெண்டாவது கியர்ல போட்டு கிளட்சை விட்டதும் ஜம்முனு கிளம்பிருச்சு. சேரன்மகாதேவி, பத்தமடை தாண்டி ஆஸ்பத்திரி போற வரைக்கும் இன்ஜினை அணைக்கவே பயம். அங்க வாசல்ல நிறுத்தினதும் திரும்பவும் அதே 'டிக்'.

மதியம் ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினோம். பானெட்டைக்கூட முழுசாத் திறக்கலை, "செல்ஃப் மோட்டார் போச்சு, புதுசு மாட்டணும், 4,500 ஆகும்" தீர்ப்பு வந்துருச்சு. அப்பா முகம் சுருங்கிப் போச்சு. அன்னிக்கு ராத்திரிதான் காயலாங்கடைக்காரர் சொன்ன 18,000 ரூபாயைப் பத்தி முதல் தடவையா வீட்டுல பேச்சு வந்தது. அம்மா ஒண்ணும் சொல்லலை. "எனக்காக ஏன்டா இவ்வளவு செலவு"ன்னு மட்டும் கேட்டாங்க. அதுக்கு என்னத்தைப் பதில் சொல்றது?

எங்க தெரு முனையில ஒரு பழைய மெக்கானிக் அண்ணாச்சி இருக்காங்க. ரிட்டயர்டு கேஸ், முழங்கால் வலி, வேலைக்கு உட்கார்றதில்லை. மறுநாள் போய் நின்னேன்.

"ஏல, 'டிக்'னு கேக்கும்போது ஹெட்லைட்டு மங்குச்சா, பளிச்சுன்னு எரிஞ்சுதா?"

பார்க்கலையேன்னு ஓடி வந்து பார்த்தேன். லைட் கொஞ்சமும் மங்கலை!

இங்கதான் விஷயமே இருக்கு. கவனமாப் படிங்க. சாவியைத் திருப்புறப்போ லைட் மங்கிச் செத்துப் போச்சுன்னா, பேட்டரி வீக் அல்லது டெர்மினல் லூஸ். லைட் பளிச்சுன்னு நின்னுச்சுன்னா பேட்டரியில தெம்பு இருக்கு, அந்தத் தெம்பு செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேரலை. ஒண்ணு, மோட்டாரே கெட்டிருக்கணும். இல்லைன்னா வழியில எங்கயோ அடைப்பு. தள்ளினா உடனே கிளம்புதுன்னா பெட்ரோல், ஸ்பார்க் ரெண்டும் சுத்தம்.

"மீட்டர் இருக்கால்ல?" ன்னாங்க அண்ணாச்சி. இ.சி.இ. படிக்கிறவன்கிட்ட கேக்குற கேள்வியா அது! லேப்ல நாங்க சும்மா ரெசிஸ்டர் அளந்து ரெக்கார்டு நோட்டுல எழுதுற அதே மல்டிமீட்டர்தான். முதல்ல பேட்டரி: 12.6 வோல்ட். ஃபுல் சார்ஜ். (12-க்குப் பக்கத்துல இறங்கியிருந்தா அநேகமா காலி. இன்ஜின் ஓடுறப்போ 13.8-ல இருந்து 14.4 வரை காட்டணும். காட்டலைன்னா ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏத்தலைன்னு அர்த்தம்.) அடுத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும், இன்னொரு முனையை இன்ஜினோட வெறும் இரும்புலயும் வெச்சுக்கிட்டு, வண்டி நியூட்ரல்லதான் இருக்கான்னு பார்த்துட்டு, தம்பியை சாவி திருப்பச் சொன்னேன். ரெண்டும் எர்த்துதானே, மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும். அரை வோல்ட்டைத் தாண்டினாலே சந்தேகப்படணும். எங்களுக்கு 3 வோல்ட் காட்டுச்சு!

நெகட்டிவ்ல இருந்து கியர்பாக்ஸுக்குப் போற எர்த் வயர். அதோட போல்ட்டைக் கழற்றினா, உள்ள துரு அப்பளம் அப்பளமா உதிருது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, புது வயர் ஒண்ணு மாட்டி, பேட்டரி டெர்மினல்ல பூத்திருந்த வெள்ளைப் பொடியை ஆப்ப சோடா கலந்த வெந்நீர் ஊத்திக் கழுவி, வாசலின் தடவினோம். மொத்தச் செலவு 150 ரூபாய். டெர்மினல் கழற்றும்போது நெகட்டிவை முதல்ல கழற்றுங்க, மாட்டும்போது கடைசியா மாட்டுங்க. இல்லைன்னா ஸ்பானர் பாடியில பட்டு தீபாவளிதான்!

அதுக்கப்புறம் எனக்கு இது ஒரு பைத்தியமாவே ஆகிப் போச்சு. ஞாயித்துக்கிழமைன்னா அண்ணாச்சி நாற்காலியில, நான் பானெட்டுக்குள்ள.

வண்டி ஐடிலிங்ல குலுங்கிச்சுன்னா மூணுல ஒரு சிலிண்டர் வேலை செய்யலைன்னு வெச்சுக்கலாம். ரப்பர் பிடி போட்ட இடுக்கியால பிளக் வயரை ஒவ்வொண்ணா உருவி மாட்டணும். எதை உருவினா சத்தத்துல மாற்றமே இல்லையோ, அவன்தான் தூங்குற ஆளு. (நம்ம கிளாஸ்ல கடைசி பெஞ்ச்ல ஆப்சென்ட் கண்டுபிடிக்கிற மாதிரி.) அந்த பிளக்கைக் கழற்றிப் பாருங்க. முனை மண்ணு கலர்ல இருந்தா ஆரோக்கியம். காய்ஞ்ச கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் அதிகமாப் போகுது, ஏர் ஃபில்டரையும் சோக்கையும் கவனிக்கணும். எண்ணெய்ப் பசையா இருந்தா இன்ஜின் ஆயில் உள்ள இறங்குது, அது பெரிய செலவு. மழைக்கால விடியல்ல மட்டும் தகராறு பண்ணினா டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, காய்ஞ்ச துணியால உள்பக்கம் துடைச்சாலே பாதி நாள் சரியாயிடும்.

ஹீட் விஷயத்துல ஒரே ஒரு கேள்விதான். நின்னா ஏறுதா, ஓடினா ஏறுதா? சிக்னல்ல நிக்கிறப்போ முள் ஏறி, ரோட்டுல வேகமாப் போனா இறங்குதுன்னா ரேடியேட்டர் ஃபேன் சுத்தலை. ஃபேனுக்கு பேட்டரியில இருந்து நேரா கரன்ட் கொடுத்துப் பாருங்க. சுத்திச்சுன்னா ஃபேன் நல்ல பிள்ளை, ஃபியூஸ் அல்லது தெர்மோ சுவிட்ச்தான் குற்றவாளி. வேகமாப் போறப்போவும் ஏறுதுன்னா தண்ணி குறைஞ்சிருக்கணும், இல்லைன்னா ரேடியேட்டர் அடைப்பு. ஆயில் குச்சியை உருவினா பால் காபி நிறத்துல வருதா? ஹெட் கேஸ்கெட் அவுட்டுன்னு சந்தேகம், வண்டியை அங்கேயே நிறுத்திடுங்க. சூடா இருக்குறப்போ ரேடியேட்டர் மூடியை மட்டும் யார் சொன்னாலும் திறக்காதீங்க. அண்ணாச்சியோட வலது கையில இருக்கிற தழும்பு அப்படி வந்ததுதான்.

பெட்ரோல் வாசனை வந்தா விளையாட்டே கிடையாது. 2025-ல நம்ம நாட்டுப் பெட்ரோல்ல எத்தனால் 20 சதவீதத்தைத் தொட்டுருச்சு. 1991-ல செஞ்ச ரப்பர் டியூபுக்கு இதெல்லாம் தெரியுமா? விரலால அழுத்திப் பார்த்தேன், வெடிப்பு விட்டிருந்தது. டேங்க்ல இருந்து கார்புரேட்டர் வரைக்கும் எல்லா டியூபையும் எத்தனால் தாங்குற ரகமா மாத்தினோம். பிரேக்ல மட்டும் நான் கை வைக்கிறதில்லை. அது அண்ணாச்சி டிபார்ட்மென்ட். முழங்கால் வலிச்சாலும் அவங்களே குனிஞ்சு பார்ப்பாங்க.

இப்போ அப்பாவோட கவலை எஃப்.சி. முதல் 15 வருஷத்துக்கு அப்புறம் ஒவ்வொரு 5 வருஷமும் ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கணும்ல, எங்களுக்கு 2026-ல முறை. முன்ன 600 ரூபாயா இருந்த கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. 20 வயசைத் தாண்டின கார்களுக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. காயலாங்கடைக்காரர் திரும்பவும் ஒரு தடவை வந்து டயரைத் தட்டிப் பார்த்துட்டுப் போனார். அப்பா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார், பதில் மட்டும் சொல்லலை.

பத்தாயிரத்தை வாடகைக் காருக்குக் கொடுத்தா, ஆறு ட்ரிப்கூட முழுசா வராது. இதை நான் ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டு, கடைக் கல்லாவுல வெச்சுட்டு காலேஜுக்கு வந்துட்டேன். சாயங்காலம் போறப்போ அந்தப் பேப்பருக்கு அடியில அப்பா கையெழுத்துல ஒரு வரி இருந்தது: 'ஹேண்ட்பிரேக் கேபிள் என்ன விலைன்னு அண்ணாச்சிகிட்ட கேளு'.