தாண்டுகுழிக்கு அப்பால்

விளையாட்டிற் பெறும் பரிசு சிலகாலம் அலமாரியில் விளங்கும். விளையாட்டாற் பெறும் பயிற்சியோ ஆயுள் முழுதும் உடன்வரும் என்பர் பெரியோர். இவ்வுரை மெய்யா, அன்றித் தோற்றவர்க்குச் சொல்லும் வெறும் ஆறுதலா என்பதை ஒரு வீரரின் வாழ்வு கொண்டு ஆராய விரும்புகின்றேன்.

யான் ஆரணியிற் பட்டு நெய்யும் குடும்பத்திற் பிறந்தவன். 1751, 1782 ஆகிய ஆண்டுகளிற் போர் கண்ட ஊர் அது. அங்குள்ள கோட்டை மைதானத்தில் இளமை முதலே ஓடியும் தாண்டியும் பழகினேன். நமது கலாசாலைக்காகக் கால்பந்து, ஹாக்கி, தாண்டுதல் ஆகிய மூன்றிலும் கலந்துகொண்டேன். படையில் அதிகாரியாதல் வேண்டுமென்பதே என் பேரவா. இறுதியாண்டில், ஓர் ஆட்டத்தில், முழங்காலின் தசைநார் அறுந்தது. அதனுடன் அவ்வவாவும் அறுந்தது. படுக்கையிற் கிடந்த அந்நாட்களிலேதான் ஹென்றி ரெபெல்லோவின் வரலாற்றைப் படிக்கலானேன்.

ரெபெல்லோ 1928ஆம் ஆண்டு லக்னோவிற் பிறந்து, பெங்களூரில் வளர்ந்தவர். ஒரு காலால் தத்தி, மறுகாலால் எட்டிவைத்து, மூன்றாவதாகப் பாயும் மும்முறைத் தாண்டுதலில் வல்லவர். 1948ஆம் ஆண்டில் அவர் தாண்டிய 15.29 மீட்டர், அவ்வாண்டு உலகில் முன்னணியில் நின்ற தாண்டல்களுள் ஒன்று. பத்தொன்பது வயதில் லண்டன் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் நின்றார். அவர் ஓடத் தொடங்கவிருந்த தருணத்தில் வேறொரு போட்டியின் பரிசளிப்பு நிகழவே, காத்திருக்குமாறு பணிக்கப்பட்டார். காத்துநின்ற வேளையில் உடற்சூடு தணிந்தது. பின்னர்ப் பாய்ந்தபோது தொடைத்தசை கிழிந்து வீழ்ந்தார். சுவீடன் தேசத்து ஆர்னே ஆமன் 15.40 மீட்டர் தாண்டிப் பொற்பதக்கம் பெற்றார். மூன்றாமிடம் பெற்ற துருக்கி வீரர் தாண்டியது 15.02 மீட்டரே. ரெபெல்லோ தாம் முன்னர்த் தாண்டிய தொலைவை அன்றும் எட்டியிருப்பின், வெண்கலம் அவரதாயிருக்கும்.

நிற்க. அவருடைய வாழ்வு அக்குழியோடு முடிந்துவிடவில்லை. இந்திய விமானப் படையில் அதிகாரியாய்ச் சேர்ந்து, குரூப் கேப்டன் பதவி வரை உயர்ந்தார். தரைப்படையிற் கர்னலுக்கு நிகரான பதவி அது. பின்னர் இந்திய விளையாட்டு ஆணையத்திலும் பணியாற்றி, 2013ஆம் ஆண்டிற் காலமானார். பாய்ச்சல் சில நொடி, பணியோ பல்லாண்டு. வைகறையில் எழுதல், கட்டளைக்குக் காத்து நிற்றல், வீழ்ந்தபின் எழுதல் ஆகிய இவை மூன்றும் மைதானத்திற்கும் பாசறைக்கும் பொதுவன்றோ!

நான் சோர்ந்திருந்த நாளில் என் தந்தையார் தறியில் இருந்தபடியே, "இழை அறுந்தால் தறியையா எரிப்பார்கள், அப்பா? முடிந்துவிட்டு மேலே நெய்," என்றார். முடிந்த இடம் புடவையைத் தடவிப் பார்ப்பவர் விரலுக்குத் தட்டுப்படத்தான் செய்யும். ஆயினும் புடவை முழுப்புடவையே. பெரியோர் உரையும் அத்தகையதே. அஃது இழப்பை இல்லையாக்காது. நெய்தலை நிறுத்தவும் விடாது.

இன்று யான் ஒரு பள்ளியில் தேகப்பயிற்சி ஆசிரியன். என்னிடம் பழகிய இருவர் சேனையில் உளர். மாணவ நண்பர்காள்! தாண்டுகுழியருகே முறைக்காக நிற்குங்கால் போர்வையைக் களையாதீர். கால்களை அசைத்துக்கொண்டே இருங்கள். அழைப்பு எப்பொழுது வருமென்பது நம் கையில் இல்லை. வரும்பொழுது உடல் குளிராதிருத்தல் நம் கையிலேயே உள்ளது.