பழ ஈ உணர்த்திய உண்மை

விடுதி உணவறையில் கனிந்த வாழைப்பழத்தை மொய்க்கும் சிற்றீயை விரட்டியதன்றி, அதனை உற்று நோக்கியதில்லை யாம். தமிழ்ச் சிறப்பு வகுப்பினர்க்கும் ஈக்கும் யாது தொடர்பு? எனினும், விலங்கியல் பயிலும் நண்பர் ஒருவர் எம்மை ஒருநாள் ஆய்வறைக்கு அழைத்துச் சென்று, உருப்பெருக்கியின் கீழ் அவ்வீயின் முட்டையைக் காட்டினார். அரை மில்லிமீட்டர் நீளமே உடைய அதன் முதுகில் இரு கொம்புகள் நீண்டிருந்தன. கரு மூச்செடுக்க உதவுவன அவை என்றார்.

பின்னர் அவர் கூறியதே பெருவியப்பு. தாயீயின் வயிற்றில் 16 உயிரணுக்கள் ஒரு குழுவாய் அமையும். அவற்றுள் ஒன்றே முட்டையாகும். ஏனைய 15-உம் அதனை ஊட்டி வளர்க்கும் செவிலியர். முட்டையாகும் அணு, தன் பரம்பரை இழையாகிய டி.என்.ஏ.யைத் தானே பல இடங்களில் அறுத்துக்கொள்ளும். பின் இணையான இழையைப் படியாகக் கொண்டு அவ்வறுவாய்களைப் பொருத்தும். தாய்வழி, தந்தைவழிப் பண்புகள் கலப்பதற்கு இதுவே வாயில்.

பொருத்தும் கருவி பழுதுற்றால் என்னாகும்? 'ஓக்ரா', 'ஸ்பிண்டில்-பி' என்னும் ஜீன்களே அக்கருவிகளை ஆக்குவன என 1998-இல் அமெரிக்க நாட்டுப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துத் துருடி ஷூப்பாக் அம்மையார் குழுவினர் காட்டினர். அவை கெடின், அறுவாய் மூடாது. 'மெய்-41' என்னும் காவலன் அதனை உணர்ந்து குரலெழுப்ப, முதுகை வகுக்கும் 'குர்கென்' புரதம் குறையும். கொம்புகள் ஒன்றாய் ஒட்டும், அன்றி இல்லாதொழியும். அக்காவலனையும் நீக்கிவிடின் முட்டையின் வடிவம் சீர்படும் என 1999-இல் அவர்களே கண்டனர். ஆயின், அறுவாய் பொருந்தியதன்று. கூவுவார் இல்லை, அவ்வளவே.

கொம்புகள் ஒட்டிய முட்டையின் படத்தை நண்பர் காட்டியபோது எம் நெஞ்சு திடுக்கிட்டது. எம் ஊர் எம். புதுப்பட்டி. பட்டாசு ஆலை ஒன்றில் உழைத்து எமக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டியவர் எம் அக்காள். ஈராண்டுகட்கு முன் மருந்து தீப்பற்ற, அவர் வலக்கை வெந்து, விரல்கள் ஒட்டிக்கொண்டன. தோழர் வினவியபோதெல்லாம், 'எமக்கு உடன்பிறந்தார் இலர்' என்றே விடையிறுத்து வந்தோம். காவலன் வாயை யாமே அடைத்திருந்தோம். எம் வடிவமும் சீராகவே தோன்றிற்று.

அன்றிரவே, கல்லூரி நாள் விழாவிற்கு வருமாறு அக்காளுக்குக் கடிதம் வரைந்தோம். வலக்கையை முந்தானையுள் மறைத்தவாறே அவர் வந்தார். 'இவர் எம் தமக்கையார்' என்று தோழர் அனைவரும் கேட்கக் கூறினோம். கை மெல்ல வெளியே வந்தது.